ஹட்டனில் ஒன்று, நுவரெலியாவில் ஒன்று

எங்கள் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியதற்குக் காரணம் அம்மை. அவருக்கு வரவில்லை, அவருடைய பெரிய கிளார்க்குக்கு வந்தது.

முதலாளிக்கு லொறித் தொழில். ஹட்டன், தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்துத் தேயிலை பெக்டரிகளில் பெட்டிகளை ஏற்றி, கினிகத்தேனை வழியாக இறங்கி, கொழும்பு ஸ்டோர்களில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெக்டரிக்காரர்கள் பெட்டிக் கணக்கில் பேசுவார்கள். டிரைவர்கள் பாலம், வளைவு, மாரியம்மன் கோயில் என்று பேசுவார்கள். கொழும்புக்காரர்களுக்கு நம்பர் சொன்னால்தான் புரியும். இந்த மூன்று பேச்சையும் ஒன்றாக்கி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டிரைவர் கையில் கொடுக்க அந்தக் கிளார்க் ஒருவருக்குத்தான் தெரியும். எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அம்மை போட்டு அவர் படுத்ததும் தலையும் சேர்ந்து படுத்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது இது. ஆனாலும் டிரைவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்ததால் நானே பார்த்தது போல இருக்கிறது. கிளார்க் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. உள்ளே போகக்கூடாது. டிரைவர்கள் விடிந்ததும் ரோட்டில் லொறிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஜன்னலைப் பார்த்து அண்ணே, எனக்கு எங்கண்ணே என்று கத்துவார்களாம். அவர் போர்வைக்குள்ளிருந்து பதில் கத்துவாராம். தொண்டை கட்டிப்போய், தோட்டத்தின் மேல்பிரிவு என்று அவர் சொன்னது ஒரு டிரைவருக்குக் கீழ்ப்பிரிவு என்று கேட்டு, அவர் லொறியோடு ஆற்றங்கரை வரைக்கும் போய் நின்றிருக்கிறார். இரண்டாம் நாளே கிளார்க்கின் மனைவி ஒரு வாளி மஞ்சள் தண்ணீரோடு வெளியே வந்து, இனி எவன் கத்தினாலும் அவன் தலையில் ஊற்றுவேன் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி அன்றைக்கே முடிவு பண்ணினார். இனி எதையும் ஒற்றை ஆளை நம்பி வைக்கக்கூடாது. எதுவானாலும் இரண்டு வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபது வயது முடிந்திருந்தது. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீடு. அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா பெக்டரியில் வேலை பார்த்தார். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு, கொழும்பில் சின்னம்மா வீட்டில் தங்கிச் சில மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். படித்தேன் என்றால், நாலு பேருக்கு ஒரு மெஷின் என்ற கணக்கில், மற்ற மூன்று பேரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஹட்டனில் அதுவே போதுமானதாக இருந்தது. முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். அது நின்றுபோனால் என்ன செய்வாய் மகளே என்றார். எனக்குத் தெரியாது என்றேன். நல்லது, தெரியும் என்று சொன்ன ரெண்டு பேரை அனுப்பிவிட்டேன் என்று சொல்லி வேலை கொடுத்தார்.

மெஷினை விற்றவர் கண்டியிலிருந்து வந்த சிங்கள இளைஞர். ப்ரோகிராம் எழுதியதும் அவரே. நாங்கள் அவரைக் கண்டி மாத்தயா என்போம், மாத்தயா என்றால் சிங்களத்தில் சார். அவர் தமிழ் பேசினால் நாங்கள் சிரிப்போம், நாங்கள் சிங்களம் பேசினால் அவர் சிரிப்பார். அதனால் வேலை நேரத்தில் பாதி சிரிப்பிலேயே போகும். முதலாளி இரண்டு கம்ப்யூட்டர் கேட்டதும், ஒரே அறையில் இரண்டை வைத்து என்ன பயன் என்று அவர்தான் கேட்டார். கரண்ட் போனால் இரண்டுக்கும் போகும். கூரை ஒழுகினால் இரண்டும் நனையும். திருடன் வந்தால் இரண்டையும் ஒரே நடையில் தூக்கிக்கொண்டு போவான். முதலாளிக்கு நுவரெலியாவில் மரக்கறி லொறிகள் நிற்கும் யார்டு ஒன்று இருந்தது. இரண்டாவது மெஷின் அங்கே போனது.

ஹட்டன் மெஷின்தான் வேலை செய்யும். நுவரெலியா மெஷின் சும்மா காத்திருக்கும். ஆனால் சும்மா இருக்கிறவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பார் மாத்தயா. அதனால் காலையில் பெக்டரிகள் போனில் சொல்லும் பெட்டிக் கணக்கை நான் என் மெஷினில் தட்டுவேன். பிறகு நுவரெலியாவுக்குப் போன் எடுத்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். அங்கே மெஷினுக்கு இருந்த பெண் அதைத் தன் மெஷினில் தட்டுவாள். அதற்குப் பிறகு மணிக்கொரு தடவை அவள் எனக்குப் போன் எடுத்து, உயிரோடு இருக்கிறேனா என்று கேட்க வேண்டும். மூன்று தடவை எடுத்தும் நான் பேசவில்லையென்றால் ஹட்டன் படுத்துவிட்டது என்று அர்த்தம். உடனே அவள் தன் மெஷினில் துண்டு அடித்து, நுவரெலியா லொறிகளை பெக்டரிகளுக்கு அனுப்பிவிட வேண்டும். அன்றைக்கு மரக்கறி காத்திருக்கும்.

அவளுக்கும் என் வயதுதான். அவளை நான் பார்த்ததேயில்லை. குரல் மட்டும்தான் தெரியும். கணீரென்று, கொஞ்சம் அதட்டலாக இருக்கும். உயரமான பெண், நீளப் பின்னல், கண்ணாடி போட்டிருப்பாள் என்று நானாக ஒரு படம் போட்டு வைத்திருந்தேன்.

"இருக்கியா?" என்பாள்.

"இருக்கேன்" என்பேன்.

மாத்தயா சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அவ்வளவோடு போனை வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வராது. முதல் வாரம் ஒழுங்காக இருந்தோம். இரண்டாம் வாரம் அவள் இருக்கியா என்பதைப் பாட்டாக இழுத்தாள். நான் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போலப் பதில் சொன்னேன். பிறகு மத்தியானத்துக்கு என்ன கறி, யார்டில் எந்த டிரைவருக்கு யாரோடு சண்டை, முதலாளி இன்றைக்கு எந்தச் சட்டை, எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்ளே வந்துவிட்டன. ஒருமுறை மாத்தயா என் பக்கத்தில் நின்றபோது அவள் கூப்பிட்டுவிட்டாள். நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். உயிரோடு இருக்கிறதைச் சொல்ல இவ்வளவு சந்தோஷம் தேவையா என்று அவர் கேட்டார்.

முதலாளி மற்றதிலும் இரண்டு இரண்டாக வாங்கிக்கொண்டே போனார். இரண்டு பிரிண்டர். கரண்ட் போனால் மெஷின் ஓடுவதற்கு மேசைக்கடியில் பழைய லொறி பெட்டரிகள், அவற்றுக்கும் மாற்று பெட்டரிகள். இரண்டு குடை, இரண்டு சுவர்க்கடிகாரம். கடிகாரங்கள் இரண்டும் வேறு வேறு நேரம் காட்டியதால் எதை நம்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி மட்டும் இரண்டையும் பார்த்து நடுவில் ஒரு நேரத்தைச் சொல்வார்.

ஆபீஸ் கதவுக்குச் சாவி மட்டும் ஒன்றுதான் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. முதலாளி ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். சாவி அவருடைய கோட்டுப் பைக்குள் கொழும்பில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மெஷின், பிரிண்டர், பெட்டரி எல்லாம் நல்ல சுகமாக உட்கார்ந்திருந்தன. உள்ளே போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. அவள்தான். நான் தூறலில் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். உள்ளே அடிக்கிற போனுக்கு வெளியிலிருந்து இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சலூன்காரர் கத்திரிக்கோலோடு வெளியே வந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவர் கடையிலும் போன் இருந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் நுவரெலியாவுக்கு எடுத்தேன். நான் உயிரோடு இருக்கிறேன், ஆனால் வெளியே இருக்கிறேன் என்றேன். அப்போ நீ இருக்கியா இல்லையான்னு நான் எதை எழுதறது என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வெடித்துவிட்டது. முகத்தில் சோப்போடு நாற்காலியில் இருந்தவரும் என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார். பிறகு அவள் குரலை மாற்றிக்கொண்டு, சரி, நீ இல்லைன்னு வச்சுக்கிறேன் என்றாள். பெக்டரிகளின் கணக்கை அவளே போனில் வாங்கினாள். நுவரெலியா லொறிகள் பனிமூட்டத்தில் இறங்கி வந்து, எல்லாப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, ஹட்டன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி கொழும்புக்குப் போயின. நான் சலூன் வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் கை காட்டினேன். எந்தப் பெக்டரியிலிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. ஹட்டன் பூட்டிக் கிடந்தது கொழும்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையும் நடந்துவிட்டது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அப்படியென்றால் உன்னை எதுக்கு வச்சிருக்காங்க என்று அம்மா கேட்டார்.

கொழும்பிலிருந்து திரும்பிய முதலாளி முதலில் சாவிக்கு இன்னொரு சாவி வெட்டினார். பிறகு, நுவரெலியா மெஷின் எழும்பியதை நேரில் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று நாள் முழுக்கப் புலம்பினார். பெண் பிறந்ததைத் தந்தியில் கேட்ட தகப்பன் மாதிரி ஆகிவிட்டார். யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் தான் அங்கே நின்றது போலவே சொன்னார்.

அந்த வருஷம் தென்மேல் பருவ மழை பலமாகப் பிடித்தது. ஒரு காலையில் கணக்கையெல்லாம் வாசித்து முடித்து, அவளும் தட்டி முடித்து, போனை வைத்தோம். கொஞ்ச நேரத்தில் காற்று ஊளையிட்டது. அடுத்த மணிக்கு அவள் கூப்பிடவில்லை. நான் எடுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. வேறு இடங்களுக்கு எடுத்தால் கிடைத்தது. நுவரெலியா மட்டும் செத்துக் கிடந்தது. நானுஓயாப் பக்கம் ஒரு பெரிய மரம் விழுந்து கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பது பிறகுதான் தெரியவந்தது.

எனக்கு மெஷினைப் பற்றிக் கவலையில்லை. என் மெஷின் நன்றாக ஓடியது. துண்டு அடித்தேன். டிரைவர்கள் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். கவலையெல்லாம் அவளைப் பற்றித்தான். அவர்கள் யார்டு ஒரு மண்மேட்டுக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். மழைக்கு மண் சரிவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. திரும்பத் திரும்ப எடுத்தேன். அவள் சொன்ன கறிகளெல்லாம், பாடின பாட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் போன் தலவாக்கலைக்கு மேலே ஒரு பெக்டரியிலிருந்து வந்தது. பேசியவர் டீமேக்கர், அதாவது பெக்டரிக்குள் தேயிலைக்கு அவர்தான் பொறுப்பு. நிதானமான மனிதர்.

"உங்க லொறி ரெண்டு வந்து நிக்குதுங்க. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நம்பர் துண்டு. எதை நான் நம்புறது?"

நான் ஒன்றுதான் அனுப்பினேன் என்றேன். அப்படியா என்றார் அவர். டிரைவர்கள் இரண்டு பேரும் மற்றவன் துண்டு கள்ளத் துண்டு என்று சண்டை பிடிப்பதாகவும், தான் யாரையும் நோகடிக்க விரும்பாமல் ஆளுக்குப் பாதிப் பெட்டி ஏற்றச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். போனை வைப்பதற்குள் அடுத்த பெக்டரி கூப்பிட்டது. அங்கேயும் இரண்டு. அதற்கடுத்ததிலும் இரண்டு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டாவது துண்டை அடித்தது அவள். அவள் உயிரோடு இருக்கிறாள். மேசையைத் தட்டிச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்குப் போன் கிடைக்கவில்லை, நான் செத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். சொல்லிக்கொடுத்தபடியே எழும்பிவிட்டாள். நான் சாகாமல் இங்கே என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு பேரும் சரியாகச் செய்திருக்கிறோம். சரியாகச் செய்த இரண்டும் சேர்ந்து மலை முழுக்க லொறியாக நிற்கிறது. சிரிப்பு பாதியில் நின்றது.

முதலாளியிடம் ஓடினேன். நான் சொன்னதைப் பாதி கேட்கும்போதே ஜீப் சாவியை எடுத்துவிட்டார். அவர் முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தலவாக்கலையைத் தாண்டி லிந்துலைக் கடைவீதிக்கு முன்னால் ஜீப் நின்றுவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. ஹட்டனிலிருந்து மேலே ஏறிய லொறிகளும் நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கிய லொறிகளும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ரோட்டோ ஒடுக்கம். ஒரு பக்கம் கடைகள், மறு பக்கம் தேயிலைச் சரிவு. ஒரு பொலிஸ்காரர் நடுவில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். யாருக்கு ஊதுகிறார் என்று அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

டிரைவர்கள் துண்டுகளைத் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரைவர்களில் மூத்தவர் கினிகத்தேனைக்காரர், சிங்களவர். நாங்கள் எல்லோரும் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். சிங்களத்தில் அது அண்ணன். அவர் லொறியின் படியில் உட்கார்ந்து பாலில்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். தன்னோடு முட்டி நின்ற நுவரெலியா லொறி டிரைவருக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். நான் அவரிடம், அய்யா, யாரும் கள்ளத் துண்டு கொண்டுவரவில்லை, இரண்டும் எங்களுடையதுதான் என்று உரக்கச் சொன்னேன்.

அந்தக் குரலைக் கேட்டு, லொறிகளுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். பள்ளிக்கூடப் பிள்ளை அளவுதான் இருப்பாள். கட்டையாக வெட்டின தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. யாருடையதோ பெரிய மழைக்கோட்டுக்குள் பாதி காணாமல் போயிருந்தாள். அழுது வீங்கின முகம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருக்கியா?" என்றாள்.

அந்தச் சின்ன உடம்பிலிருந்து அந்தக் கணீர்க் குரல் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இருக்கேன்டி" என்றேன்.

இரண்டு லொறிகளின் மூக்குக்கு நடுவில் இருந்த இடைவெளியில் அவள் புகுந்து வந்தாள். வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீ செத்துட்டேன்னு கடைசி லொறியில ஏறி வந்தேன் என்று சொல்லி அழுதாள். சொல்லி முடிப்பதற்குள் சிரித்தாள். நானும் அப்படித்தான். இவ்வளவு குட்டையாக இருப்பாய் என்று நினைக்கவில்லை என்றேன். நான் நினைத்தது குண்டான பெண் என்று அவள் சொன்னாள். தினமும் மத்தியானம் அவ்வளவு கறிச் சமாச்சாரம் சொன்னால் வேறெப்படி நினைப்பேன் என்றாள். பொலிஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி முதலாளியிடம் ஏச்சு வாங்கப்போகிறோம் என்று பயந்து திரும்பினேன். முதலாளி ஜீப்பின் முன்பக்கத்தில் ஏறி நின்று, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"ரெண்டும் எழும்பிருச்சு பாத்தியா" என்றார்.

போன தடவை பார்க்கக் கிடைக்காததை இன்றைக்குக் கண்ணாரப் பார்த்துவிட்டார். அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை. பின்னாலிருந்து ஹாரன் விடாமல் அடித்த பிறகுதான் கீழே இறங்கினார்.

ஹாரன் அடித்தது ஒரு கல்யாண பஸ். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நுவரெலியா சர்ச்சுக்குப் போகிறவர்கள், எங்கள் லொறிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டுவிட்டார்கள். மணப்பெண் வெள்ளைச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் படியில் நின்றாள். பாதர் காத்திருப்பார், மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்கள் என்று அவளுடைய மாமன் ஒருவர் பொலிஸ்காரரிடம் முறையிட்டார். பஸ் முன்னாலும் வரமுடியாது, திரும்பவும் முடியாது.

முதலாளிக்கு ஒரு நொடியில் யோசனை வந்துவிட்டது. நுவரெலியா லொறிகளில் கடைசியாக வந்தவை இன்னும் எதையும் ஏற்றவில்லை. அவை பின்னுக்குப் போய், கொஞ்ச தூரத்தில் இருந்த முச்சந்தியில் திரும்பிவிடலாம். எல்லோரையும் அதில் ஏற்றுங்கள் என்றார். கல்யாணக்காரர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். லொறிக்குள் எட்டிப் பார்த்த ஒருவர், லீக்ஸ் வாசம் அடிக்குதே என்றார். அடிக்கத்தான் செய்தது. மற்ற நாளெல்லாம் லீக்ஸும் கோவாவும் என்று மரக்கறி ஏற்றுகிற லொறி. மணப்பெண்தான் முதலில் இறங்கி நடந்தாள். அவள் நடந்ததும் எல்லோரும் நடந்தார்கள். நெருக்கி நின்ற லொறிகளுக்கு நடுவால், குடையும் பூச்செண்டும் கேக் பெட்டியுமாகக் கல்யாண ஊர்வலம் போனது. டிரைவர்கள் துண்டுகளைப் பையில் வைத்துவிட்டுக் கேக் பெட்டியைக் கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

முதலாளி எங்களையும் போகச் சொன்னார். அவள் தன் மெஷினைக் கவனிக்க வேண்டும், நீயும் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு வா என்றார். அதனால் மணப்பெண் நடுவிலும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமும் முன் சீட்டில் நெருங்கி உட்கார்ந்து நானுஓயா ஏற்றம் ஏறினோம். பின்னால் தார்ப்பாயின் கீழே எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள். மணப்பெண் எங்களிடம், இவ்வளவு லொறி எதுக்கு வந்தது என்று கேட்டாள். நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் பிடித்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு மணப்பெண், கல்யாணத்துக்குப் பிறகு தானும் புருஷனிடம் மணிக்கொரு தடவை இருக்கியா என்று கேட்கப் போவதாகச் சொன்னாள்.

சர்ச் வாசலில் லொறிகள் நின்றபோது மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்தபடி நின்றார்கள். எங்களையும் உள்ளே வரச் சொன்னார்கள். பாதர் ஆசீர்வாதம் சொல்லும்போது மணப்பெண்ணின் சேலையிலிருந்து லீக்ஸ் வாசம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கஷ்டப்பட்டு நின்றோம்.

அடுத்த வாரம் கண்டி மாத்தயா வந்தார். கதையைக் கேட்டுச் சிரித்தார். தான் இதை யோசிக்கவேயில்லை என்று ஒப்புக்கொண்டார். எதிரே இருக்கிறவன் செத்துவிட்டானா, நடுவில் கம்பி அறுந்ததா என்று இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கண்டுபிடிக்கவே முடியாது, மூன்றாவது ஒருவர் வேண்டும் என்றார். பாதி வழியில் இருப்பது லிந்துலை. அங்கே கடைவீதியில் போன் வைத்திருந்தது ஒரு பேக்கரி. முதலாளி, மாத்தயா, அவள், நான், நாலு பேரும் அந்த பேக்கரியில் மீன் அடைத்த மாலு பணிஸ் தின்றுகொண்டே புதுச் சட்டம் போட்டோம்.

ஹட்டன் கிடைக்கவில்லையென்றால் நுவரெலியா உடனே எழும்பக்கூடாது. லிந்துலையைக் கேட்க வேண்டும். ஹட்டன் இருக்கிறது என்று லிந்துலை சொன்னால் சும்மா இருக்க வேண்டும். லிந்துலைக்கும் ஹட்டன் கிடைக்கவில்லையென்றால்தான் எழும்பலாம். இதுவரைக்கும் எனக்குச் சம்மதம். அடுத்ததுதான் பிடிக்கவில்லை. நுவரெலியாவும் கிடைக்காமல் லிந்துலையும் கிடைக்காமல் நான் மட்டும் தனித்துப்போனால், மெஷின் நன்றாக ஓடினாலும் நானாக வேலையை நிறுத்த வேண்டுமாம். நான் உயிரோடு இருக்கும்போது ஏன் செத்த மாதிரி இருக்க வேண்டும் என்று சண்டை பிடித்தேன்.

மாத்தயா தன் உடைந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். "நீங்க இருக்கிறது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதாது."

நான் கையிலிருந்த பணிஸைத் தின்று முடித்தேன். பிறகு சரி என்றேன்.

பெக்டரிகளுக்கும் ஒரு சட்டம் போனது. ஒரு நம்பர் துண்டுக்கு ஒரு தடவைதான் ஏற்ற வேண்டும். அதே நம்பரோடு இன்னொருவர் வந்தால் பிளேன்டீ கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நிதானமான டீமேக்கர், பாதி பாதி கொடுப்பதுதான் நியாயம் என்று கடைசி வரைக்கும் நினைத்தார் என்று கேள்வி.

பேக்கரிக்காரர் உரத்துப் பேசுகிற, நல்ல மனசுள்ள மனிதர். மூன்றாவது ஆளாக இருக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. போறணை அடுப்பிலிருந்து பாண், அதாவது ரொட்டி, இழுக்கிற நேரத்தில் போன் அடித்தால் எடுக்க மாட்டார். பாண் கருகிவிடும். லிந்துலை செத்துவிட்டது என்று அந்த நேரத்தில் முடிவு பண்ணக்கூடாது. மாத்தயா தலையைச் சொறிந்தார். பிறகு ப்ரோகிராமில், நுவரெலியா மெஷின் துண்டு அடிக்கும் முன் காத்திருக்கும் நேரத்தைப் பாண் வேகும் அளவுக்கு நீட்டி எழுதினார். அந்த ப்ரோகிராமை அதற்குப் பிறகு யார் பார்த்திருந்தாலும் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தலையை உடைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகும் கம்பி பல தடவை அறுந்தது. மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது அறுந்தது. அவள் லிந்துலைக்கு எடுப்பாள். ஹட்டன் இருக்குது பிள்ளை, நீ டீயைக் குடி என்று பேக்கரிக்காரர் கத்துவார். ஒரே ஒரு தடவை நான் தனித்துப்போனேன். தலவாக்கலைக்கு இந்தப் பக்கம் எல்லாக் கம்பியும் போய்விட்டது. மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர்கள் வாசலில் நின்று, எல்லாம் ஓடுதே, ஏன் துண்டு தரமாட்டேங்குற தங்கச்சி என்று கேட்டார்கள். நான் இப்போ இல்லை என்றேன். கினிகத்தேனை அய்யா மட்டும் விளங்கிக்கொண்டவர் போலத் தலையாட்டிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். மத்தியானத்துக்குள் நுவரெலியா லொறிகள் ஹட்டனைக் கடந்து இறங்கியதைப் பார்த்தேன்.

நாலு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். பிறகு கொழும்பில் பெரிய மெஷின்கள் இருந்த ஓர் ஆபீசுக்குப் போனேன். அவளும் நுவரெலியாவை விட்டு வேறு வேலைக்குப் போனாள். ஆனால் அந்த நாலு வருஷமும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, லிந்துலைப் போன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க நாங்கள் இரண்டு பேரும் நேரில் போக வேண்டும் என்று மாத்தயா எழுதி வைத்திருந்தார். சோதிக்க ஒருவர் போதும். போனைத் தூக்கிக் காதில் வைத்தால் சோதனை முடிந்தது. ஏன் இரண்டு பேர் என்று முதலாளி கேட்கவேயில்லை. அவருக்கு எதுவானாலும் இரண்டு என்றால் சந்தோஷம்தான். நாங்கள் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பேக்கரியின் பின்பக்க மேசையில் உட்கார்ந்து, சூடான பணிஸும் டீயுமாக, பஸ் வரும் வரைக்கும் பேசுவோம். போறணைச் சூட்டில் கால் காயும். எந்த பஸ் முதலில் வந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருப்போம். கடைசியில் பேக்கரிக்காரர் வந்து, கதவு சாத்தப்போறேன், ரெண்டு பேரும் எழும்புங்க என்று விரட்டுவார்.